சாம்பலை மறுபடி விறகாக்க முடியுமா? கரியமில வாயுவிலிருந்து எரிபொருள் எடுக்கும் உலோகங்களின் கணக்கு

சில மாதங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் அந்தச் செய்தி வந்து விழும். 'காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை எரிபொருளாக மாற்றும் புதிய உலோகம் கண்டுபிடிப்பு!' கீழே வரிசையாகக் கைதட்டல் எமோஜிகள். "அப்போ இனிமே பெட்ரோல் விலை குறையுமா?" என்று ஒருவர் கேட்பார். "இதெல்லாம் மூலிகை பெட்ரோல் மாதிரிதான்" என்று 1996-ஐ இன்னும் மறக்காத ஒருவர் பதில் போடுவார்.

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. மூலிகை பெட்ரோல் அறிவியல் சோதனையில் நிற்கவில்லை. கரியமில வாயுவிலிருந்து எரிபொருள் என்பது நிற்கும். 120 ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வகத்தில் செய்து காட்டப்பட்ட விஷயம் அது. ஐஸ்லாந்து, சீனா, டென்மார்க் ஆகிய நாடுகளில் அதற்கென ஆலைகளே கட்டப்பட்டிருக்கின்றன. ஆனாலும், அதனால் பெட்ரோல் விலை குறையப் போவதில்லை.

ஏன் என்பதற்கான பதில் ஓர் எளிய கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்காமல் விட்டால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. புகையைக் குறைப்பதாகச் சொல்லிக்கொண்டு புகையைக் கூட்டும் ஆலைகளுக்கும் மக்கள் கைதட்ட நேரிடும்.

கரியமில வாயு எரிபொருளா, சாம்பலா?

விறகு எரிந்து முடிந்தால் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலை அடுப்பில் போட்டு எவ்வளவு ஊதினாலும் எரியாது. கார்பன் டை ஆக்சைடும் ஒருவகையில் சாம்பல்தான். கண்ணுக்குத் தெரியாத சாம்பல். பெட்ரோலிலும் நிலக்கரியிலும் சமையல் கேஸிலும் இருக்கும் கார்பன், ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. தன்னிடமிருந்த ஆற்றலை வெப்பமாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் கார்பன் டை ஆக்சைடாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் ஒரு கார்பன், இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆக்சிஜன். இரண்டையும் அது இறுக்கமாகப் பிடித்திருக்கும். எளிதில் அசையாது.

அதை மறுபடி எரிபொருளாக்க வேண்டுமானால் எரியும்போது வெளியே போன ஆற்றலைத் திரும்ப உள்ளே ஏற்ற வேண்டும். வழக்கமான வழி, ஹைட்ரஜனைச் சேர்ப்பது. ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறோடு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகள் சேர்ந்தால் ஒரு மெத்தனாலும் ஒரு தண்ணீரும் கிடைக்கும். நான்கு ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு மீத்தேனும் இரண்டு தண்ணீரும் கிடைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஆற்றலைச் சுமந்து வருவது ஹைட்ரஜன்தான். கரியமில வாயு வெறும் கார்பனை மட்டும் கொடுக்கிறது. அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கதையின் மையம்.

அப்படியானால் உலோகத்துக்கு என்ன வேலை?

பள்ளிப் புத்தகத்தில் 'வினைவேக மாற்றி' அல்லது 'வினையூக்கி' என்று படித்தது நினைவிருக்கலாம். ஒரு வேதிவினையை வேகமாக நடக்க வைத்துவிட்டு, தான் செலவாகாமல் அப்படியே இருக்கும் பொருள். கார்களின் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் செய்யும் வேலையும் இதுதான்.

வினையூக்கியை மலைப்பாதையோடு ஒப்பிடலாம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு நேராகக் காட்டுக்குள் ஏறினால் மூச்சு வாங்கும். பலர் போய்ச் சேரவே மாட்டார்கள். நல்ல ரோடு போட்டால் பஸ் போகும், நேரம் மிச்சமாகும். ஆனால் ரோடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொடைக்கானலின் உயரம் ஓர் அடிகூடக் குறையாது. ஏறுவதற்கு டீசல் செலவாகியே தீரும்.

உலோகம் போடுவது ரோடு. டீசல் போட வேண்டியது மனிதர்கள். 'புதிய உலோகம் கண்டுபிடிப்பு' என்ற செய்திகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாவது வரி.

நிக்கல் போட்ட முதல் பாதை

1902-ல் பிரான்ஸின் துலூஸ் நகரில் பால் சபாத்தியேவும் ழான்-பாப்டிஸ்ட் சாந்தெரான்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். சூடாக்கிய நிக்கல் தூள் மீது ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் செலுத்தியபோது மறுபக்கம் மீத்தேன் வந்தது. இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதி அதே மீத்தேன்தான். உலோகத் தூள் வினையூக்கிகள் பற்றிய ஆய்வுகளுக்காக 1912-ல் சபாத்தியேவுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வினை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2010-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஒரு சபாத்தியே கருவி அனுப்பப்பட்டது. விண்வெளி வீரர்கள் விடும் மூச்சிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடும், ஆக்சிஜன் தயாரிக்கும்போது மிஞ்சும் ஹைட்ரஜனும் அதற்குள் போகும். தண்ணீரும் மீத்தேனும் வெளியே வரும். வேடிக்கை என்னவென்றால், அங்கே தேவைப்பட்டது தண்ணீர். மீத்தேன் என்ற 'எரிபொருள்' விண்வெளியில் வெளியேற்றப்பட்டது.

செம்பும் துத்தநாகமும்

மெத்தனால் கதை இன்னும் பெரியது. 1923-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் துத்தநாகம், குரோமியம் ஆக்சைடுகளை வைத்து ஆலை அளவில் மெத்தனால் செய்தது. அதற்குப் பயங்கரமான அழுத்தம் தேவைப்பட்டது. 1966-ல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா கலந்த வினையூக்கியைக் கொண்டுவந்தது. அழுத்தம் 50 முதல் 100 மடங்கு வளிமண்டல அழுத்தமாகவும், வெப்பம் 250 டிகிரி செல்சியஸை ஒட்டியும் இறங்கியது. இன்று உலகம் ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கு மேல் மெத்தனால் செய்வது பெரும்பாலும் இந்தச் செம்புக் குடும்பத்தை வைத்துத்தான்.

இந்த ஆலைகளுக்குள் போவது கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் மூன்றும் கலந்த வாயு. மோனாக்சைடுதான் மெத்தனாலாகிறது என்று வெகுநாள் பலர் நினைத்திருந்தார்கள். 1980-களில் கார்பன் அணுக்களுக்கு அடையாளமிட்டுப் பார்த்தபோது, செம்பின் மேல் மெத்தனாலாக மாறுவது முக்கியமாக டை ஆக்சைடுதான் என்று தெரிந்தது. ஆக, 'கரியமில வாயுவை மெத்தனாலாக்கும் உலோகம்' என்பது புதிதே அல்ல. அரை நூற்றாண்டாக வேலைக்கு வந்துகொண்டிருக்கும் பழைய ஊழியர்.

சிக்கல் வேறு இடத்தில். கார்பன் டை ஆக்சைடை மட்டும் கொடுத்தால் தண்ணீர் அதிகம் உருவாகிறது. அந்த ஈரத்திலும் சூட்டிலும் செம்பின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, வேலை செய்யும் பரப்பு குறைகிறது. அனல்மின் நிலையப் புகையில் இருக்கும் கந்தகம் கொஞ்சம் உள்ளே போனாலும் செம்புக்கு அது விஷம். அதனால் புகையை முதலில் கழுவி, பிரித்து, சுத்தம் செய்ய வேண்டும். நிலக்கரிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 12 முதல் 15 சதவீதம்தான். வெறும் காற்றில் 0.04 சதவீதத்தைச் சற்றே தாண்டும். எவ்வளவு நீர்த்திருக்கிறதோ, பிரிப்பதற்கு அவ்வளவு செலவு.

தோசைக்கல் சொல்லும் பாடம்

சூடும் அழுத்தமும் இல்லாமல், மின்சாரத்தை வைத்து நேரடியாகவே மாற்ற முடியாதா? முடியும். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷியோ ஹோரி 1980-களில் ஒவ்வோர் உலோகமாக எடுத்து, கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீரில் மின்முனையாக வைத்துப் பார்த்தார். அந்த முடிவுகளே இன்றும் இந்தத் துறையின் அரிச்சுவடி.

உலோகங்கள் நான்கு கூட்டமாகப் பிரிந்தன. தங்கம், வெள்ளி, துத்தநாகம் ஆகியவை கார்பன் மோனாக்சைடு கொடுத்தன. வெள்ளீயம், காரீயம், இண்டியம் ஆகியவை ஃபார்மேட் கொடுத்தன. எறும்பு கடிக்கும்போது சுரீரென்று எரிய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் உறவு அது. இரும்பு, நிக்கல், பிளாட்டினம் ஆகியவற்றின் மேல் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான் வந்தது. கார்பன் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. செம்பு மட்டும் தனித்து நின்றது. மீத்தேன், எத்திலீன், எத்தனால் என்று உண்மையான எரிபொருட்களை அதுதான் கணிசமாகக் கொடுத்தது.

காரணத்தைத் தோசைக்கல்லில் பார்க்கலாம். கல்லில் எண்ணெய் அதிகமானால் மாவு பிடிக்காமல் கரண்டியோடு வழுக்கிக்கொண்டு வரும். எண்ணெய் பத்தாவிட்டால் ஒட்டிக்கொண்டு, திருப்பவே வராது. தங்கமும் வெள்ளியும் முதல் ரகம். வினையின் பாதியில் உருவாகும் கார்பன் மோனாக்சைடை அவை லேசாகத்தான் பிடிக்கின்றன. வேகாத தோசை மாதிரி அது அப்போதே கிளம்பிவிடுகிறது. பிளாட்டினமும் நிக்கலும் இரண்டாவது ரகம். மோனாக்சைடு ஒட்டிக்கொண்டு இடத்தை அடைத்துவிடும். அடுத்த வேலை நடக்காது. செம்பு நடுத்தரமாகப் பிடிக்கிறது. அடுத்தடுத்த ஹைட்ரஜனும், பக்கத்தில் இன்னொரு கார்பனும் வந்து சேரும் வரை விடாமல் வைத்திருந்து, முடிந்ததும் விட்டுவிடுகிறது. இறுக்கமும் கூடாது, தளர்வும் கூடாது என்ற இந்த விதிக்கும் சபாத்தியே பெயர்தான்.

அப்படியென்றால் செம்புத் தகட்டை வைத்து வேலையைத் தொடங்கிவிடலாமே? அங்கேதான் அடுத்த தலைவலி. 2012-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்பு மின்முனையில் உருவாவதையெல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 16 பொருட்கள்! ஒரே கல்லில் தோசை, ஊத்தப்பம், ஆம்லெட் எல்லாம் கலந்து வந்தால் கடைக்காரர் எதை விற்பார்? கலந்து வருவதைப் பிரித்தெடுக்கும் செலவே லாபத்தைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு, கொடுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கை, தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனாகும் வினை தின்றுகொண்டே இருக்கும்.

இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் நடப்பது இந்தச் செம்பை ஒழுங்குபடுத்தும் முயற்சிதான். செம்புப் படிகத்தை ஒரு திசையில் வெட்டினால் எத்திலீன் கூடுகிறது. வேறு திசையில் வெட்டினால் மீத்தேன் கூடுகிறது. வெள்ளியையோ வேறு உலோகத்தையோ கலந்தால் கணக்கு மறுபடி மாறுகிறது. முன்னேற்றம் நிஜம். ஆனால் ஆயுள்தான் கவலை. ஆலைகளில் இருக்கும் மெத்தனால் வினையூக்கி வருடக்கணக்கில் உழைக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் வரும் பல மின்முனைகளின் ஆயுள் இன்னும் மணிக்கணக்கில்தான் சொல்லப்படுகிறது.

பத்து யூனிட் கரன்ட் எங்கே போகிறது?

இப்போது பெட்ரோல் விலைக் கேள்விக்கு வரலாம். ஒரு கிலோ மெத்தனால் செய்யச் சுமார் 1.4 கிலோ கார்பன் டை ஆக்சைடும், 190 கிராம் ஹைட்ரஜனும் வேண்டும். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 50 முதல் 55 யூனிட் செலவாகும். ஆக, அந்த 190 கிராமுக்கு மட்டும் 10 யூனிட் கரன்ட். கிடைக்கும் ஒரு கிலோ மெத்தனாலில் இருப்பது சுமார் 5.5 யூனிட் ஆற்றல். உலகிலேயே சிறந்த வினையூக்கியைப் போட்டாலும், வழியிலேயே பாதி போய்விடுகிறது.

அந்த ஒரு கிலோவில் ஒரு ஸ்கூட்டர் எவ்வளவு தூரம் ஓடும்? ஆற்றல் கணக்கில் அது 600 மில்லி பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் 30 கிலோமீட்டர். அதே 10 யூனிட்டை நேராக ஒரு மின் ஸ்கூட்டரின் பேட்டரியில் ஏற்றினால் 250 கிலோமீட்டரைத் தாண்டும். எட்டு மடங்கு வித்தியாசம்.

இது செம்பின் குறையல்ல. கரன்ட்டை எரிபொருளாக்கி, எரிபொருளை வெப்பமாக்கி, வெப்பத்தைச் சுழற்சியாக்கும் ஒவ்வொரு படியிலும் ஆற்றல் சிந்துகிறது. கண்டுபிடிப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்தச் சிந்தலில் பெரும்பகுதியைத் தடுக்க முடியாது.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. காரணம், பெரும்பகுதி நிலக்கரி. அந்த மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுத்தால், 10 யூனிட்டுக்கு 7 கிலோ புகை. மெத்தனாலுக்குள் போவதோ 1.4 கிலோ. அதுவும் மெத்தனால் எரியும்போது திரும்ப வெளியே வந்துவிடும். ஒரு குடம் தண்ணீரைச் சேமிக்க ஐந்து குடத்தைக் கீழே கொட்டிய கதை.

ஆகவே, 'கார்பன் டை ஆக்சைடை எரிபொருளாக்கும் ஆலை' என்ற பலகை மட்டும் எதையும் சொல்லாது. பின்பக்கம் வரும் மின்கம்பி எங்கிருந்து வருகிறது என்பதுதான் உண்மையைச் சொல்லும்.

கட்டப்பட்ட ஆலைகள் காட்டுவது என்ன?

ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கியில் கார்பன் ரீசைக்கிளிங் இன்டர்நேஷனல் நிறுவனம் கட்டிய ஆலை இந்தத் துறையின் முன்னோடி. 'மெத்தனால் பொருளாதாரம்' என்ற யோசனையைப் பரப்பிய நோபல் வேதியியலாளர் ஜார்ஜ் ஓலாவின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 4,000 டன் மெத்தனால் என்பது அதன் திறன். பூமிக்கடியிலிருந்து வரும் நீராவியோடு சேர்ந்து வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு ஒருபக்கம். நீர்மின்சக்தியும் புவிவெப்பமும் கொடுக்கும் மின்சாரம் இன்னொரு பக்கம். கணக்கு அங்கே சரியாக வந்தது.

அதே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் 2022-ல் சீனாவின் ஹெனான் மாகாணம், அன்யாங்கில் ஒரு பெரிய ஆலை தொடங்கியது. ஆண்டுக்கு 1,10,000 டன் மெத்தனால். 1,60,000 டன் கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தும் திறன். ஆனால் அங்கே ஹைட்ரஜன் வருவது நிலக்கரியைக் கோக்காக மாற்றும் உலைகளின் வாயுவிலிருந்து. வீணாகும் வாயு பயன்படுகிறது என்பது உண்மை. நிலக்கரியை விட்டு வெளியே வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்பதும் உண்மை.

டென்மார்க்கின் காஸோவில் 2025 மே மாதம் தொடங்கிய ஆலை மூன்றாவது மாதிரி. ஆண்டுக்கு 42,000 டன் மெத்தனால். பக்கத்திலேயே 304 மெகாவாட் சூரியமின் பூங்கா. கார்பன் டை ஆக்சைடு வருவது சாண எரிவாயு போன்ற உயிரிவாயு ஆலையிலிருந்து. செடி காற்றிலிருந்து எடுத்த கார்பன், திரும்பக் காற்றுக்கே போகிறது. வாங்குவோர் பட்டியலில் கப்பல் நிறுவனமான மெர்ஸ்கும், மெத்தனாலிலிருந்து பிளாஸ்டிக் செய்யும் தேவையுள்ள லெகோவும், மருந்து நிறுவனமான நோவோ நோர்டிஸ்கும் இருக்கின்றன. ஸ்கூட்டர் கம்பெனி எதுவும் இல்லை.

விந்தியாசலின் 20 விநாடி

இந்தியாவிலும் முயற்சி நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் உள்ள என்.டி.பி.சி.யின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில், புகையிலிருந்து நாளொன்றுக்கு 20 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் அமைப்பும், அதிலிருந்து 10 டன் மெத்தனால் செய்யும் அமைப்பும் திட்டமிட்டு அமைக்கப்பட்டன. மின்பகுப்பில் எடுத்த ஹைட்ரஜனைச் சேர்த்து அங்கே மெத்தனால் செய்துகாட்டியதாக 2024 நவம்பரில் நிறுவனம் அறிவித்தது. இந்தியப் பொறியாளர்கள் கைப்பழக்கம் பெற இது தேவைதான்.

ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். அந்த நிலையத்தின் திறன் 4,760 மெகாவாட். நிலக்கரியில் ஒரு யூனிட் தயாரித்தால் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொண்டு, 70 சதவீதத் திறனில் ஓடினால்கூட ஒரு நாளைக்குச் சுமார் 80,000 டன் வெளியாகும். பிரிப்பது 20 டன். அதாவது நாள் முழுக்கப் பாடுபட்டுப் பிடிப்பது, அந்தப் புகைபோக்கிகள் ஏறத்தாழ 20 விநாடியில் விடும் புகை.

இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. சோதனை ஆலை சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் 'புகையைத்தான் எரிபொருளாக்குகிறோமே' என்று சொல்லி இன்னொரு நிலக்கரி நிலையத்துக்கு அனுமதி கேட்டால், அந்த 20 விநாடியை நினைவூட்ட வேண்டும்.

தூத்துக்குடியில் இரண்டு பாதைகள்

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயம் தூரத்துச் செய்தி அல்ல. 2016-ன் இறுதியிலேயே தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலை உலகச் செய்தியானது. நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, சோடா சாம்பல் தயாரிக்கும் திட்டம் அது. கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் மூலப்பொருளான சோடா சாம்பலில், கார்பன் 'எரிந்த' நிலையிலேயே இருக்கிறது. மலை ஏற வேண்டியதில்லை, ஹைட்ரஜன் தேவையில்லை. அதனால்தான் அந்தக் கணக்கு எளிதாக உதைக்கவில்லை.

இதே பாடம் உலக மேடையிலும் தெரிந்தது. 2 கோடி டாலர் மதிப்பிலான கார்பன் எக்ஸ்பிரைஸ் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு 2018-ல் தேர்வான பத்து அணிகளில், மெத்தனால் வினையூக்கியோடு போன பெங்களூரு ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தின் 'பிரீத்' அணியும் ஒன்று. 2021-ல் முதல் பரிசுகளை வென்ற இரண்டு அணிகளும் கார்பன் டை ஆக்சைடைக் கான்கிரீட்டுக்குள் பூட்டியவை.

தூத்துக்குடியின் இரண்டாவது பாதை துறைமுகத்தில் தொடங்குகிறது. கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் சேமித்து நிரப்பும் 750 கன மீட்டர் மையத்துக்கு 2025 செப்டம்பரில் வ.உ.சி. துறைமுகத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. பக்கத்தில் காற்றும் வெயிலும் தாராளம். காற்றாலை சீசனில் உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதையும் எடுத்துக்கொள்வதில்லை என்பது காற்றாலைக்காரர்களின் பழைய குறை. அந்த உபரியை ஹைட்ரஜனாக்கலாம் என்ற யோசனை நியாயமானதே. ஆனால் சீசனில் மட்டும் ஓடும் மின்பகுப்பு ஆலை போட்ட முதலை எடுக்காது. ஆண்டு முழுக்கச் சுத்தமான மின்சாரம் வர வழி செய்யாமல், மீதி மாதங்களுக்கு நிலக்கரி மின்சாரத்தைக் கோர்த்துவிட்டால் 'பசுமை' என்பது பெயிண்ட் நிறம் மட்டும்தான்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. மெத்தனால் கொடிய விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த கள்ளச்சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். ஆயிரக்கணக்கான டன் கையாளப்படும் நாளில், ஒவ்வொரு லிட்டரும் எங்கே போனது என்று சொல்லும் கணக்கு முறை முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

அப்படியானால் இது யாருக்குத் தேவை?

பேட்டரி போக முடியாத இடங்களுக்கு. வாரக்கணக்கில் கடலில் இருக்கும் சரக்குக் கப்பலுக்கு, கண்டம் தாண்டும் விமானத்துக்கு, கார்பனையே மூலப்பொருளாகக் கொண்ட பிளாஸ்டிக், சாயம், மருந்துத் தொழில்களுக்கு. ஹைட்ரஜனைத் திரவமாக வைத்திருக்க மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும். மெத்தனால் சாதாரண வெப்பத்திலேயே திரவம். தொட்டியில் ஊற்றி வைக்கலாம். அந்த வசதிக்காகப் பாதி ஆற்றலை இழப்பது கப்பலுக்குக் கட்டுப்படியாகலாம். ஸ்கூட்டருக்கு ஆகாது.

ஐரோப்பிய ஒன்றியம் விமான எரிபொருள் விதியில் இதை எழுதியே வைத்துவிட்டது. 2050-ல் விமான நிலையங்களில் நிரப்பும் எரிபொருளில் 70 சதவீதம் மாற்று எரிபொருளாகவும், அதில் சரிபாதியாக, அதாவது 35 சதவீதம் இப்படி ஹைட்ரஜனில் செய்த செயற்கை எரிபொருளாகவும் இருக்க வேண்டும். சந்தை உருவாகிறது. வேதிப்பொறியியல் படித்த இளைஞர்களுக்கு வேலையும் உருவாகும்.

இந்தியாவில் 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் பிறக்கும் ஹைட்ரஜன் எங்கே போக வேண்டும் என்ற வரிசை முக்கியம். முதலில் உரம், உருக்கு, சுத்திகரிப்பு ஆலைகள். அடுத்து கப்பல், விமானம். காருக்கும் பைக்கிற்கும் அந்த வரிசையில் இடமில்லை. கார்பன் எடுக்க வேண்டிய இடத்துக்கும் ஒரு வரிசை உண்டு. சர்க்கரை ஆலைகளை ஒட்டிய எத்தனால் வடிப்பாலைகளில் நொதிக்கும்போது ஏறத்தாழ சுத்தமான கார்பன் டை ஆக்சைடு சும்மாவே வெளியேறுகிறது. அதை விட்டுவிட்டுக் கந்தகம் கலந்த நிலக்கரிப் புகையைக் கழுவிக்கொண்டிருப்பது, வாசலில் குழாய் இருக்க ஊருக்கு வெளியே தண்ணீர் தேடுவதுபோல.

அடுத்த முறை அந்தச் செய்தி வரும்போது

'கரியமில வாயுவிலிருந்து எரிபொருள்' என்று மறுபடி ஒரு ஃபார்வர்ட் வந்தால் மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, ஹைட்ரஜனோ மின்சாரமோ எங்கிருந்து வருகிறது? பதில் 'கிரிட்' என்றால், இன்றைய நிலையில் அது நிலக்கரி.

இரண்டு, கார்பன் எங்கிருந்து வருகிறது? செடியிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்தால் சுற்று முழுமையாகிறது. நிலக்கரியிலிருந்து வந்தால், புகை ஒருமுறை கூடுதலாக வேலை பார்த்துவிட்டு அதே வானத்துக்குத்தான் போகிறது.

மூன்று, வினையூக்கி எத்தனை மணி நேரம் தாங்கியது, எத்தனை பொருள் கலந்து வந்தது? பதில் இல்லையென்றால் அது இன்னும் ஆய்வகக் கதை.

செம்பு தன் வேலையை நன்றாகவே செய்கிறது. அதைவிட நன்றாகச் செய்யும் உலோகக் கலவை நாளைக்கே வரலாம். அதற்காக உழைக்கும் ஆய்வாளர்களுக்குக் கைதட்டலும் நிதியும் கிடைக்க வேண்டும். ஆனால் சாம்பலை விறகாக்க, அந்த விறகு கொடுத்ததைவிட அதிக நெருப்பு வேண்டும் என்ற கணக்கை எந்த உலோகத்தாலும் மாற்ற முடியாது. அந்த நெருப்பு சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்தால் மட்டுமே இந்த வேலைக்கு அர்த்தம். அதுவரை, புகையைக் குறைக்க மிக மலிவான வழி பழைய வழிதான்: எரிக்காமல் விடுவது.